பிரிண்டர் மாறியது, ஸ்விட்சுக்குத் தெரியவில்லை

கேள்வி: அம்பத்தூரில் எங்கள் பட்டறை பிரிண்டரை ஒரு மேசையின் சின்ன நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) அடுத்த மேசை ஸ்விட்சுக்கு மாற்றினோம். சில நிமிடம் பிரிண்ட் போகவில்லை, பிறகு தானே சரியானது. ஏன்?

பதில்: உள்ளே வரும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (தரவுப் பொட்டலம்) அனுப்புநரின் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணைப் பார்த்து, அது வந்த போர்ட்டை (கேபிள் செருகும் இடம்) ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். பெறுநர் முகவரி தெரிந்தால் அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். தெரியாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர எல்லாவற்றுக்கும். கேபிளைக் கழற்றினால் அந்த போர்ட்டின் குறிப்புகள் பொதுவாக உடனே அழியும். ஆனால் நீங்கள் கழற்றியது சின்ன ஸ்விட்சில். இரண்டு சின்ன ஸ்விட்சுகளும் சேரும் பிரதான ஸ்விட்சுக்கு அது தெரியாது. அதிலுள்ள பழைய குறிப்பு பெரும்பாலும் 300 விநாடி நிற்கும்; அதுவரை பிரிண்டருக்கான ஃப்ரேம்கள் பழைய போர்ட்டுக்கே போகும். நிலையான ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) கொடுத்த பிரிண்டர் எதையும் அனுப்பாமல் சும்மா இருந்தால் இந்தச் சிக்கல் வரும். மாற்றியதும் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். அது அனுப்பும் முதல் ஃப்ரேமே குறிப்பைத் திருத்திவிடும்.