தடுப்பூசி போட்டும் கோழிகள் சாவது ஏன்? ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டு நாள் குறைந்து மறுபடி சாகிறதே?

7-ஆம் நாள் லசோட்டா சொட்டு (இராணிக்கெட் எனும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசி), 4-ஆம் வாரம் வெள்ளையாகக் கழிந்து சில குஞ்சுகள் இறப்பு, 6-ஆம் வாரம் பச்சைக் கழிச்சல், கொர்கொர் சத்தம், கழுத்து முறுக்கல். நீங்கள் எழுதியிருக்கும் இந்த வரிசையிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரே நோயைத் தேடாதீர்கள். பெரும்பாலும் இது மூன்று நோய் சேர்ந்த கதை.

4-ஆம் வாரம் வந்து போனது கம்போரோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைத் தாக்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எச்சத்துவாரத்துக்கு மேலே இருக்கும் பர்சா என்ற எதிர்ப்புசக்தி உறுப்பை அது சிதைத்துவிடும். அதன்பிறகு லசோட்டா போட்டாலும் உடம்பு சரியாக ஏற்காது. அந்த ஓட்டையில் வெள்ளைக்கழிச்சல் (இராணிக்கெட்) நுழைகிறது, பின்னாலேயே ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஆன்டிபயாடிக் ஈ.கோலையை மட்டும்தான் அடக்கும். அதுதான் அந்த இரண்டு நாள் நிம்மதி. வைரஸ் அப்படியே இருக்கிறது.

அறுத்துப் பார்க்கும் முன் ஒன்று: கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, கொத்துக் கொத்தாகத் திடீரெனச் செத்தால் கை வைக்காதீர்கள். பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். மற்றபடி கையுறை, முகக்கவசத்தோடு, புதிதாக இறந்த நாலைந்து கோழிகளையாவது மருத்துவரிடம் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கோழி ஒரு நோயை மட்டும் காட்டலாம். சுரப்பு இரைப்பையின் உள்பக்கச் சுரப்பி முனைகளில் ஊசி குத்தியதுபோல் இரத்தப் புள்ளிகள் இருந்தால் இராணிக்கெட்டைச் சந்தேகிக்கலாம். தொடைச் சதையில் இரத்தக் கீற்று, வீங்கிய அல்லது சுருங்கிய பர்சா என்றால் கம்போரோ. இதயம், கல்லீரல் மேல் மஞ்சள்வெள்ளைப் படலம் என்றால் ஈ.கோலை. காற்றுப்பையில் நுரை என்றால் மைக்கோபிளாஸ்மா (மூச்சு நோய் தரும் பாக்டீரியா). ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளை ஐஸ்பெட்டியில் அனுப்புங்கள், ஃப்ரீஸரில் உறைய வைக்காதீர்கள். தடுப்பூசி போட்ட தேதியையும் எழுதிக் கொடுங்கள். உயிருள்ள தடுப்பூசி வைரஸும் பிசிஆரில் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) தெரியும்.

மருந்தில் கவனம். கம்போரோ இருக்கும்போது சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருக்கும். அப்போது சல்ஃபா, ஜென்டாமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளைக் கொடுத்தால் சாவு கூடும். தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் (இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகள்) கலந்திருந்தால் தியாமுலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நஞ்சு. நோய் முற்றிய கொட்டகையில் லசோட்டா ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. மைக்கோபிளாஸ்மா இருந்தால் மூச்சுத்திணறல் கூடிவிடும். பக்கத்துக் கொட்டகையில் நலமாக இருப்பவற்றுக்கு முதலில் போட்டுவிட்டு, நோயுற்றவற்றைக் கடைசியாகப் பாருங்கள். செருப்பு, வாளி, ஆள் எல்லாம் அதே வரிசையில்.

அடுத்த தொகுதிக்கு 7-ஆம் நாள் லசோட்டா, 14-ஆம் நாள் கம்போரோ, 28-ஆம் நாள் மறுபடி லசோட்டா, 8-ஆம் வாரம் ஆர்2பி (லசோட்டாவைவிட வீரியமான இராணிக்கெட் தடுப்பூசி) அரை மில்லி தோலடியில். லசோட்டா போடாத கோழிக்கு ஆர்2பி நேரடியாகப் போட்டால் அதுவே நோயாகிக் கொல்லவும் கூடும். தண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் இல்லாத நீரில், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை அரைமணி முன்பே கலக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே வையுங்கள். கம்போரோ வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பழைய கூளம் முழுவதையும் அள்ளி, சோப்புநீரில் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகே கிருமிநாசினி அடியுங்கள். எச்சம் ஒட்டிய தரையில் எதை அடித்தாலும் வேலை செய்யாது.