குறைந்த செலவில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் எங்கே படிக்கலாம்?

பிளஸ் டூவில் கணக்கு நன்றாக வருகிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேலும் ஆசை, ஆனால் வீட்டில் பெரிதாகப் பணம் புரட்ட முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து படித்து வந்தவள்தான்.

முதலில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளைப் பாருங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான். டியூஷன் ஃபீஸ் கிடையாது. சின்னச் சின்னக் கட்டணங்கள் மட்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி அதிகம்.

அடுத்தது அரசு உதவிபெறும் கல்லூரிகள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நான் சேர்ந்த கல்லூரியில் பணம் கட்ட இரண்டு ஜன்னல்கள். எயிடட், அதாவது அரசு உதவிபெறும் கோர்ஸுக்கான ஜன்னலில் அப்பா நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கினார். பக்கத்து ஜன்னலில் செல்ஃப் ஃபைனான்ஸ், அதாவது சுயநிதி. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வந்த பெண்ணின் அம்மா நகையை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரே வளாகம், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். கணிதத் துறை பழையது, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னால் வந்தது, மாணவர் கட்டும் பணத்தில்தான் ஓடுகிறது. பல ஊர்களில் இதே கதைதான். அதனால் கல்லூரிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், "இந்தக் கோர்ஸ் எயிடடா?" என்று கேளுங்கள்.

என் கருத்து இதுதான்: கையில் பணம் இல்லையென்றால் பி.எஸ்சி. கணிதத்தை அரசு கல்லூரியிலோ எயிடடிலோ படியுங்கள், புரோகிராமிங்கைக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். சமன்பாட்டின் விடையைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறையில் நான்கு சுற்று கையால் போட்டு விரல் வலித்த கணக்கை, லேபில் மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொண்டு சி என்ற புரோகிராமிங் மொழியில் பத்து வரியில் எழுதினோம். திரையில் அதே விடை வந்த அன்றைக்கு இரண்டு பாடமும் எனக்கு ஒன்றாகிவிட்டது. அப்புறம் தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. சேர்ந்தேன். என்.ஐ.டி.களுக்கான நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களிலும் எம்.சி.ஏ. படிக்கலாம், ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். கணிதம் படித்தவர்களுக்கு இந்த எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.

கணக்கு உங்களுக்கு உயிர் என்றால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கே கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்தே ஒரு பி.எஸ்சி. ஹானர்ஸ். கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டாம், சலுகை உண்டு. தேர்வு கடினம், சூத்திரம் மனப்பாடம் போதாது, ஏன் அப்படி என்று நிறுவிக் காட்ட வேண்டும்.

2020இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஐ.ஐ.டி. பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. முழுக் கட்டணம் அதிகம்தான், ஆனால் சாதி, வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை குறைகிறது. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போதே செய்ய வேண்டியது ஒன்று: இப்படிச் சலுகை கேட்கத் தேவைப்படும் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது.