ஏபிசி கணக்கில் கிரெடிட் காட்டவில்லை என்றால்

ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) என்பது நீங்கள் தேறிய பாடங்களுக்கான கிரெடிட்டை, அதாவது பாட மதிப்பு அலகுகளை, சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு. அதில் கிரெடிட்டை நீங்கள் ஏற்ற முடியாது. பல்கலைக்கழகம்தான் ஏற்ற வேண்டும். முதல் ஆண்டு தேறியும் உங்கள் ஏபிசி கணக்கு காலியாக இருந்தாலும் அந்த ஆண்டு வீணாகிவிடவில்லை.

பெரும்பாலும் பெயர்தான் காரணம். நான் தேர்வுப் பிரிவு வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: ஆதாரில் 'கார்த்திகா முருகன்', கல்லூரிப் பட்டியலில் 'எம். கார்த்திகா'. நமக்கு இரண்டும் ஒரே ஆள், கணினிக்கு அப்படியில்லை. இனிஷியல் வைக்கும் நம் வழக்கத்துக்கு இந்தத் திட்டத்தில் யாரும் இடம் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான புதிய கல்விக் கொள்கை வந்தது 2020-ல். பல தேர்வுப் பிரிவுகளில் இதைக் கவனிக்க இன்னும் தனி ஆள் கிடையாது. அவதி மாணவர்களுக்கு.

1. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரைத் திறந்து பெயர், பிறந்த தேதி, 12 இலக்க ஏபிசி எண் மூன்றையும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

2. ஒத்துப்போனால், தேர்வுப் பிரிவில் 'ஏற்றிய கோப்பில் என் ஏபிசி எண் இருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் திருத்த மனு, ஆதார் நகலோடு. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் இன்னொரு ஏபிசி எண் உருவாக்கப் பார்க்காதீர்கள், சிக்கல் கூடும்.

அப்புறம், ஓராண்டுச் சான்றிதழோடு வெளியேறும் எண்ணம் இருந்தால் 40 கிரெடிட் மட்டும் போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சிப் பாடமும் முடித்திருக்க வேண்டும். அதை உங்கள் கல்லூரி நடத்துகிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.