கிளினிக் துண்டில் உள்ள சொற்கள்: எச்.ஐ.வி. சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

மருத்துவ ஆய்வுகூடத்தில் குருதி பரிசோதித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, எனது அறிக்கையில் ‘சி.டி.4 – 410’ என்றும், ‘வைரல் லோட் – கண்டறியப்படவில்லை’ என்றும் உள்ளது. நோய் மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை, ஆனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. சி.டி.4 என்பது நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை. சுகதேகிக்கு ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். வைரல் லோட் என்பது ஒரு மில்லிலீற்றரில் எத்தனை வைரஸ் பிரதிகள் உள்ளன என்ற கணக்கு. முன்னையது ஏற வேண்டும், பின்னையது இறங்க வேண்டும். இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டு, எண் குறைந்துவிட்டதே என்று கலங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ‘கண்டறியப்படவில்லை’ என்றால், கருவியால் காணமுடியாத அளவுக்கு வைரஸ் குறைந்துள்ளது என்பதே பொருள். வயலில் யானை நிற்கவில்லை என்பதற்காகக் காட்டிலும் யானை இல்லை என்று நம் கமக்காரர் எவரும் வெடியை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. வைரஸ் நிணநீர்க் கணுக்களில் உள்ள சில கலங்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. குளிசையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே குருதிக்குத் திரும்பிவிடும். தொடர்ந்து குளிசை எடுத்து இந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது என்பதும் உறுதியாக நிறுவப்பட்டுள்ளது.

கேள்வி (மல்லாவி): எச்.ஐ.வி.யும் எயிட்சும் ஒன்றா?

பதில்: இல்லை. முன்னையது வைரஸ், பின்னையது சி.டி.4 200க்குக் கீழே இறங்கிய, அல்லது எதிர்ப்புச் சக்தி குன்றியதால் குறிப்பிட்ட சில கடும் தொற்றுகள் பற்றிக்கொண்ட நிலை.

கேள்வி (முல்லைத்தீவு): குளிசையை இடையிடையே விட்டால் ‘ரெசிஸ்டன்ஸ்’ வரும் என்றார் டொக்டர். உடம்பு மருந்துக்குப் பழகிவிடுமா?

பதில்: பழகுவது உடம்பன்று, வைரஸ். குருதியில் மருந்தின் அளவு குறையும் நாட்களில் வைரஸ் பெருகுகிறது, பெருகும்போது உருமாறுகிறது, அம்மருந்துக்கு அடங்காத உருவம் ஒன்று தோன்றினால் அதுவே மேலோங்கும். பிறகு வேறு மருந்துக்கு மாறவேண்டி வரலாம்.

கேள்வி (மாங்குளம்): என் மனைவி டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உள்ள குளிசை எடுக்கிறார். கர்ப்பிணி கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் தருகிறார்கள். சேர்த்து எடுக்கலாமா?

பதில்: வெறும் வயிற்றில் சேர்த்து எடுக்கக்கூடாது, அவை டொலுடெக்ராவிரைப் பிணைத்து, உடல் உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடும். உணவோடு என்றால் சேர்த்து எடுக்கலாம். இல்லையேல் அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்பாகவோ 6 மணித்தியாலம் பின்பாகவோ டொலுடெக்ராவிரை எடுக்கவேண்டும். இரண்டு கிளினிக் கொப்பிகளையும் இரு மருத்துவர்களுக்கும் காட்டுங்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. தாய் எடுக்கும் எச்.ஐ.வி. குளிசையே அத்தொற்றைத் தடுக்கும் முதன்மை வழி. ஆகவே குழந்தையைப் பற்றிப் பயந்து அந்தக் குளிசையை மட்டும் அவர் நிறுத்திவிட வேண்டாம்.