கடைசல் பட்டறை: சதுரங்கக் காய்கள் பற்றி வாசகர் கேட்டவை

மரத்தில் சதுரங்கக் காய் கடைவது பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி எழுந்தவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் போட்டிருக்கிறோம்.

வேப்பங்கிளையில் சிப்பாய்கள் கடைந்தேன். கடைந்த அன்று அடிப்பாகம் நல்ல வட்டம். ஒரு மாதத்தில் முட்டை வடிவமாகிவிட்டது. இரண்டு காய்களில் அடியிலிருந்து வெடிப்பும் கண்டிருக்கிறது. உளி பிடிப்பதில் தவறா?
– மதுரை வாசகர்

உளிமேல் பழி போடாதீர்கள். மரம் காயவில்லை, அவ்வளவுதான். காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டம் முட்டையாவது இதனால். வெடிப்புக்குக் காரணம் வேறு: கிளையை முழுசாகவே லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) மாட்டியிருக்கிறீர்கள். கிளையின் நடு மையம் காயின் நடுவிலேயே இருந்தால், சுற்றியுள்ள மரம் சுருங்க இடமில்லாமல் எங்கேயாவது பிளந்தே தீரும். கிளையைப் பிளந்து, மையத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்திலிருந்து துண்டு எடுங்கள்.

30 மி.மீ. சதுரத் துண்டுகளாக அறுத்து, இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகு தடவுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அதை அடைத்தால் முனை வெடிக்காது. நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, நாலைந்து துண்டுகளில் எண் எழுதி, வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் உளி வைக்கலாம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். வெடிப்பு பிறகு வரும். ஈரமானி இருந்தால் 10 முதல் 12 சதவீதம் சரி.

போட்டியில் வைப்பதுபோன்ற காய்களுக்கு என்ன அளவு? எங்கள் பலகையின் கட்டம் 55 மி.மீ.
– திருப்பூர் வாசகி

இன்று போட்டிகளில் பார்க்கும் வடிவம் ஸ்டாண்டன் வடிவம். 1849-ல் லண்டனில் நத்தானியேல் குக் பெயரில் பதிவாகி, ஜாக்ஸ் நிறுவனம் விற்றது. ஹோவர்ட் ஸ்டாண்டன் அன்றைய புகழ்பெற்ற ஆட்டக்காரர். வடிவமைத்தவர் அவரல்ல, பெயர் மட்டுமே அவருடையது.

உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் உயரங்கள்: ராஜா 95 மி.மீ., ராணி 85, மந்திரி 70, குதிரை 60, யானை 55, சிப்பாய் 50. இதில் 10 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், ஆனால் உயர வரிசை மாறக் கூடாது. அடியின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நிற்க வேண்டும். உங்கள் 55 மி.மீ. கட்டத்துக்குச் சிப்பாயின் அடி 27 மி.மீ. வரை போகலாம். ராஜாவுக்கு 40 வைத்தால் கையில் எடுக்கும்போது பக்கத்துக் காய் தட்டாது.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் நம்மூரில் கிடைக்கும் மரம் எது? தேக்குத் துண்டு நிறைய இருக்கிறது.
– தென்காசி வாசகர்

தேக்கு வேண்டாம். கதவுக்கு ராஜா, காய்க்கு ஆகாது. துளைகள் பெரியவை. 2 மி.மீ. வளையம் கடைந்தால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். அதில் உள்ள மணற்சத்து உளி முனையையும் சீக்கிரம் மழுக்கும்.

வெள்ளைக்கு வெட்பாலை அருமையான மரம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள் இதில்தான் கடையப்படுகின்றன. இழை நெருக்கம், நிறம் தந்தம்போல. மஞ்சக்கடம்பும் நன்றாகக் கடைபடும், சற்று மஞ்சள் தட்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் இருக்கிறார்கள். எந்தத் துண்டு கடைசலுக்கு ஆகும் என்று பார்த்தவுடன் சொல்வார்கள், ஒருமுறை போய் வாருங்கள். வெள்ளை மரம் எதுவானாலும் அறுத்த கையோடு காற்றோட்டத்தில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் ஏறி நீலக்கறை படியும். எந்த உப்புத்தாளுக்கும் அது போகாது.

கறுப்புக்கு ஈட்டி மரம். பழைய கட்டில் கால், உடைந்த நாற்காலிக் கை என்று பழைய சாமான் கடையில் தேடுங்கள். காய்ந்து வைரம் பாய்ந்த மரம் அங்கேதான் மலிவு. கருங்காலி பார்க்க அழகுதான், ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. உப்புத்தாளை அழுத்திப் பிடித்துச் சூடேற்றினால் மயிரிழை வெடிப்பு விடும். முதல் செட்டுக்கு வேண்டாம். ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூக்கடைப்பையும் கொண்டுவரும், முகமூடி கட்டாயம்.

பதினாறு சிப்பாயும் பதினாறு விதமாக வருகின்றன. காப்பி லேத் இல்லாமல் ஒரே மாதிரி கடைய முடியுமா?
– கோவில்பட்டி வாசகர்

முடியும். கண் எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வரிசையாக நிற்கும் காய்களில் வளைவின் சிறு வித்தியாசம் கண்ணில் படாது. படுவது மூன்று: மொத்த உயரம், கழுத்து வளையம் இருக்கும் மட்டம், தலையுருண்டையின் பருமன். இந்த மூன்றையும் கண்மதிப்புக்கு விடாமல் அளந்து கடையுங்கள். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும்.

50 மி.மீ. சிப்பாய்க்கு ஒரு கணக்கு. அடி விட்டம் 25. அடிவிளிம்பு 4 மி.மீ. உயரத்துக்கு நேராக நிற்கட்டும். அங்கிருந்து வளைந்து ஏறி, வளையத்துக்குக் கீழே தண்டு 9.5 ஆக மெலியட்டும். வளையம் அடியிலிருந்து 33.5-ல் தொடங்கி 35.5-ல் முடிகிறது, விட்டம் 18. அதன்மேல் 16 மி.மீ. உருண்டை, அதன் மையம் 42-ல். இப்படி வைத்தால் உருண்டையும் வளையமும் சந்திக்கும் இடம் ஏறக்குறைய 9 மி.மீ. கனம் இருக்கும், கீழே விழுந்தாலும் தலை துண்டிக்காது.

துண்டு 30 x 30, நீளம் 75: தலைப்பக்கம் 5, காய் 50, வெட்டுக்கு 3, சக் பிடிக்க 17. தலை டெயில்ஸ்டாக் (துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம், அடி சக் (துண்டைக் கவ்விச் சுழற்றும் பகுதி) பக்கம். நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் குழியுளியால் உருளையாக்குங்கள். ஒட்டுப்பலகைத் துண்டில் மேற்சொன்ன உயரங்களைக் கோடிட்டு, ஓரத்தில் சிறு வெட்டு வைத்த அளவுக்குச்சி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதைச் சுழலும் உருளைமேல் பிடித்து, ஒவ்வொரு வெட்டிலும் பென்சிலை வைத்தால் எல்லாக் கோடும் ஒரே மூச்சில் விழும்.

அடுத்து விட்டங்கள். விட்டம் அளக்கும் ஒரே காலிபரை மாற்றி மாற்றி வைப்பதால்தான் பிழை நுழைகிறது. ஹைலம் ஷீட்டில் (கெட்டியான பிளாஸ்டிக் தகடு) 25.5, 18.5, 16.5, 10 என்று நாலு கவைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பார்ட்டிங் உளியால் (துண்டிக்கும் ஒல்லி உளி) இறக்கிக்கொண்டே வந்து, கவை உள்ளே நழுவும் கணத்தில் நிறுத்துங்கள். அந்த அரை மி.மீ. உப்புத்தாளுக்கு.

பிறகு 2,000 சுற்றுக்கு ஏற்றி, முதலில் தலை, அடுத்து கழுத்து, கடைசியில் அடி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்: அடிப்பக்கம் கனமாக இருக்கும்வரைதான் மெல்லிய கழுத்து ஆடாமல் நிற்கும். எங்கேயும் பெரிய விட்டத்திலிருந்து சிறியதை நோக்கி இறங்கியே சீவுங்கள், ஏறினால் இழை பிய்யும்.

உருண்டை உண்மையில் உருண்டைதானா என்று பார்க்க, 12 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்த் துண்டு போதும், வாயை நேராகத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். லேத்தை நிறுத்திவிட்டு அதை உருண்டைமேல் சாய்த்துச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்துக்குப் பக்கம் மேடு. அதைத்தான் சீவ வேண்டும். கடைசியில் 150, 220, 320, 400 என்று உப்புத்தாள், வேகம் 1,000-க்குக் கீழே. வளையத்தின் ஓரத்தை மட்டும் தொடாதீர்கள், கூர்மை போய்விடும்.

பதினாறு வேண்டுமென்றால் இருபது கடையுங்கள். மிஞ்சும் நாலு பெட்டியில் உபரியாகக் கிடக்கட்டும். எப்படியும் சிப்பாய்தான் முதலில் காணாமல் போகும்.

கழுத்தில் திருகாணிப் புரிபோல வரி விழுகிறது. ஏன்?
– ஈரோடு வாசகர்

மரம் அதிர்கிறது. டெயில்ஸ்டாக்கை இறுக்கித் திருகியிருப்பீர்கள். மெல்லிய காய் வில்போல வளையும். சுழலத் தடையில்லாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்படியும் வந்தால் உளியைத் தீட்டிவிட்டு, இடது கை விரலை மரத்தின் பின்புறம் மெல்லக் கொடுத்துச் சீவுங்கள். விரல் சுட்டால் உளியை அழுத்துகிறீர்கள் என்று பொருள். கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. தொங்கும் துண்டு, கை வளையல் எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது.

யானைக் காயின் மேல் கொத்தளப் பற்கள் ஒழுங்காக வரவில்லை.
– புதுச்சேரி வாசகர்

நாம் யானை என்கிறோம், ஸ்டாண்டன் வடிவத்தில் அது கோட்டை. ஆறு பள்ளத்துக்கு ஆறு முறை அறுக்க வேண்டாம். தலையில் கிண்ணம்போலக் குடைந்தபின், ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிலும் கட்டி, சந்திக்கும் இடத்தில் வெட்டி, அதை மூன்றாக மடித்து மறுபடி இரண்டாக மடியுங்கள். மடிப்புகளைக் காயில் குறித்தால் ஆறு புள்ளி. எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து நுண்பல் ரம்பத்தால் மூன்று முறை குறுக்கே அறுத்தால் ஆறு பள்ளமும் வந்துவிடும். கிண்ணத்தின் சுவர் 3 மி.மீ.-க்குக் குறைந்தால் பல் உடையும்.

குதிரையை மட்டும் கடைசலில் கொண்டுவர முடியாதே, எங்கிருந்து தொடங்குவது?
– சேலம் வாசகி

அடியைக் கடையுங்கள், தலையைச் செதுக்குங்கள், இரண்டையும் ஒட்டுங்கள். காய்களுக்குப் பேர்போன அமிர்தசரஸ் பட்டறைகளிலும் குதிரை செதுக்குவது தனி ஆள் வேலை. ஒரு செட்டின் தரத்தை அறிந்தவர்கள் முதலில் குதிரையைத்தான் கையில் எடுப்பார்கள்.

தலையின் முளை இறங்க, அடியின் மேல்புறம் 10 மி.மீ. துளை, 12 மி.மீ. ஆழம். தலைக்கு 20 மி.மீ. பலகை. கழுத்திலிருந்து காது நோக்கி இழை நெடுக்காக ஓட வேண்டும். குறுக்கு இழையில் வெட்டினால் காது முதல் ஆட்டத்திலேயே போகும். நெடுக்கு இழையில் மூக்குப் பக்கம் பலவீனம்தான், ஆனால் அங்கே கனம் இருப்பதால் தாங்கும். வாய்ப் பிளவை மட்டும் ஆழமாக அறுக்காதீர்கள்.

ஒரு குதிரையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் நாலும் நாலு ஜாதியாகும். நாலு தலைக்கும் வெளிக்கோடு, நாலுக்கும் நடுக்கோடு, பிறகு நாலுக்கும் கன்னம், காது, கடைசியாகப் பிடரி என்று படிப்படியாகப் போங்கள். கண்ணுக்கு 2 மி.மீ. துளை போதும். நடுக்கோடு அழிந்தால் உடனே திரும்ப வரையுங்கள்; அது இல்லாமல் ஒரு கன்னம் வீங்கும், மறு கன்னம் ஒட்டும்.

கனம் வேண்டும் என்று ராஜாவின் அடியில் இரும்புத் துண்டை இறுக்கமாக அடித்து எபாக்ஸி ஊற்றினேன். கோடையில் அடி பிளந்துவிட்டது.
– வேலூர் வாசகர்

இறுக்கம்தான் குற்றவாளி. வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. 40 மி.மீ. அடிக்கு 22 மி.மீ. துளை, 18 ஆழம். அதில் 20 மி.மீ. கம்பியில் 15 மி.மீ. நீளத் துண்டு, எடை சுமார் 37 கிராம். சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். மேல்முனையில் மட்டும் ஒரு சொட்டு சிலிக்கோன் பசை வைத்து ஒட்டுங்கள், பக்கவாட்டில் எதுவும் வேண்டாம். சிப்பாய்க்கு 14 துளையில் 12 x 10 துண்டு, 9 கிராம். ஈயம் இன்னும் கனம் தரும், ஆனால் குழந்தைகள் கையாளும் பொருளில் அதை வைக்காதீர்கள்.

எடை வைப்பதாக முடிவு செய்தால், கடைவதற்கு முன்பே துண்டின் அடியில் துளை போட்டுவிடுங்கள். கழிவு மரத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் முளை கடைந்து, அதில் துண்டை ஏற்றிக் கடைந்தால் துளையும் காயும் ஒரே மையத்தில் அமையும். அடிப்புறத்தை அரை மி.மீ. உட்குழிவாக விட்டால் காய் விளிம்பில் நிற்கும், ஆடாது. பிளந்த ராஜாவைத் தூக்கிப் போட வேண்டாம்: இரும்பை எடுத்துவிட்டு, துளையை அகலமாக்கி, வெடிப்பில் அதே மரத்தின் தூளும் சூப்பர் குளூவும் வைத்துத் தேய்த்துவிடுங்கள்.

வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினேன். விளையாடும்போது விரலில் ஒட்டுகிறது.
– நாகர்கோவில் வாசகர்

மேலே பூசிய நிறம் ஒட்டத்தான் செய்யும். மரத்துக்குள்ளேயே கறுப்பு விளைய வேண்டும். கலம்காரித் துணியில் கறுப்பு எடுக்கும் முறைதான் இதற்கும்: கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. 200 மி.லி. கொதிநீரில் 20 கிராம் கடுக்காய்த் தூள் போட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். இன்னொரு பாட்டிலில் 200 மி.லி. வினிகரில் எண்ணெய் போகக் கழுவிய இரும்புக் கம்பளி ஒரு கைப்பிடி. மூன்று நாள் ஊறட்டும், மூடியை இறுக்க வேண்டாம், வாயு சேரும்.

முதலில் காயை வெறும் நீரால் துடைத்து, உலர்ந்ததும் 400 தாளால் தேயுங்கள். நீர் பட்டால் இழை எழும்பும். அதை இப்போதே அடக்கிவிட வேண்டும். பிறகு கடுக்காய் நீர், உலர்ந்தபின் இரும்பு நீர். கண்ணெதிரே சாம்பலாகி, சில நிமிடத்தில் கறுக்கும். போதாவிட்டால் இரண்டையும் இன்னொரு முறை. ஒரு நாள் உலரவிட்டுத்தான் பாலிஷ்.

அரக்கா, பாலிஷா?
– தஞ்சாவூர் வாசகர்

பொம்மைக்கு அரக்கு, காய்க்குப் பாலிஷ். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தித் தாழை ஓலையால் தேய்த்தால் வரும் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் காயின் கூரிய இடுக்குகளில் அது திரண்டு, வளையத்தின் வடிவத்தையே மழுக்கிவிடும். பாலிஷும் அரக்குதான், ஆனால் கரைத்தது: 100 மி.லி. ஸ்பிரிட்டில் 12 கிராம் அரக்குச் செதில் கரைத்து இரண்டு பூச்சு. வெள்ளைக் காய்க்கு வெளுத்த செதில் வாங்குங்கள், இல்லையேல் ஆரஞ்சு தட்டும். அதன்மேல் தேன்மெழுகு. லேத் ஓடும்போது துணியால் தேய்க்காதீர்கள், டிஷ்யூ காகிதம்தான். மாட்டிக்கொண்டால் காகிதம் கிழியும். துணியானால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

லேத் இல்லை. கை டிரில்லை மேசையில் கட்டிக் கடையலாமா?
– காஞ்சிபுரம் வாசகர்

அரமும் உப்புத்தாளும் கொண்டு சிப்பாய்வரை தேய்த்து எடுக்கலாம். உளி வைக்கக் கூடாது: டிரில்லின் பேரிங் நேர்த்திசை அழுத்தத்துக்குச் செய்தது, பக்கவாட்டு அழுத்தத்தில் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். டெயில்ஸ்டாக் இல்லாமல் ராஜா நீளத்துக்குத் துண்டு மாட்டினால் முனை சுழன்று தெறிக்கும்.