காலண்டர் வேலை – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு விருதுநகர் பக்கம். இப்போது கோவையில் இருக்கிறேன். ஒரு விளம்பர நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஆனியில் வெளியே வந்துவிட்டேன். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவதில் வருமானம் வருகிறது, வரும்போது வரும். எனக்கென்று வரைவது எல்லாம் நீர்வண்ணத்தில் நம் கரிசல்காடுதான். பனையேறிகள், கோவில் கொடை முடிந்த மறுநாள் காலைப் பந்தல், டீக்கடை பெஞ்ச். இன்ஸ்டாகிராமில் போட்டால் "பிரிண்ட் கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். ஏ4 அளவில் 150 ரூபாய்க்குத் தரலாம் என்று இருக்கிறேன், அடக்கம் 90 ஆகிறது. பிரிண்ட் விற்றால் அசலின் மதிப்பு குறைந்துவிடுமா? ஐம்பது பிரதியோடு நிறுத்திவிட வேண்டுமா? இன்ஸ்டாகிராமிலேயே விற்கலாமா, தனியாகத் தளம் தொடங்க வேண்டுமா? கேலரிகளில் படம் வைக்கும் நண்பர் ஒருவர், "அது காலண்டர் வேலை, அதில் இறங்கினால் அப்புறம் உன்னை யாரும் ஓவியராக மதிக்க மாட்டார்கள்" என்கிறார். இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் நண்பர் சொன்ன அந்த இரண்டு வார்த்தைக்காக. போன மாதம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து அப்பாவின் கண்ணாடி வெட்டும் வைரம் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கும் காலண்டர் நினைப்பாகவே இருக்கிறது.

அப்பா கோவில்பட்டியில் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போகிற வழியில், அவர் உள்ளே நின்றால் வருகிறவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. எழுபதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து மைதாப் பசை காய்ச்சிச் சட்டத்தின் முதுகில் பழுப்புத்தாள் ஒட்டுவது என் வேலை. தை மாதம் எங்களுக்கும் அறுவடைதான். போன வருடத்துக் காலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். ஜவுளிக்கடையிலோ உரக்கடையிலோ சும்மா கொடுத்தது. ஒரு வருடம் அடுப்புப்புகை குடித்து, தேதித்தாள் எல்லாம் கிழிந்து, படம் மட்டும் மிஞ்சியிருக்கும். "லச்சுமிய எப்படித் தூரப் போட?" என்பார்கள். சும்மா வந்த படத்துக்குக் காசு கொடுத்துச் சட்டம் போட்டு, மாடத்தில் வைத்து விளக்கேற்றுவார்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு அம்மா, மூன்று வாரம் தவணை கட்டி ஒரு முருகனை வாங்கிக்கொண்டு போனார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அசல் எங்கே இருக்கிறது, எத்தனை பிரதி போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் நண்பரின் படம் தொங்குகிற எந்தச் சுவருக்கு முன்னாலாவது யாராவது அப்படி நின்றிருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சரி, கேட்க வேண்டாம். சண்டை வரும்.

அப்பாவிடம் சட்டம் மூன்றே அளவில்தான் இருக்கும். படம் பெரிதாக இருந்தால் படத்தைத்தான் வெட்டுவார். அடியில் கடைக்காரர் பெயர் போட்டிருக்கும். "அந்தப் பேர எடுத்துருங்க அண்ணாச்சி" என்று அவர்களே சொல்வார்கள். ஸ்கேலை வைத்துக் கத்தியை ஒரே இழுப்பு. கடைப் பெயரோடு படத்தின் அடியிலும் ஒரு விரற்கடை போய்விடும். நான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பாடப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்வேன். பலவற்றில் மூலையில் ஒரே கையெழுத்து இருக்கும், இங்கிலீஷில். எழுத்துக்கூட்டிப் படித்தால் சி. கொண்டையராஜு. அது ஏதோ அச்சாபீஸ் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அது ஒரு மனிதரின் பெயர் என்பது சென்னைக்கு வந்து பல வருடம் கழித்து, யாரோ சாமி படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், கடைசியில் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்தார்கள், சிவகாசியில் அச்சாகியது, தமிழ்நாட்டில் பாதி வீட்டுச் சாமிகளுக்கு முகம் கிடைத்தது. அவர் இறந்தது 1976இல். அப்படியென்றால் நான் மைதா காய்ச்சிக்கொண்டிருந்த காலத்தில் அவர் நாலு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறார். எங்கள் கடையைத் தாண்டிக் கோவிலுக்குக்கூடப் போயிருக்கலாம். நாங்கள் உள்ளே உட்கார்ந்து அவருடைய பெயரை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் கொஞ்சம் ஓரம் விட்டு வரஞ்சிருக்கலாம்" என்றார்.

எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் தொழில்காரர் பேச்சு அது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஓரம் விடுங்கள். நீங்கள் இணைப்பில் அனுப்பிய மாதிரியில் படம் தாளின் நாலு விளிம்பையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பனையேறியின் கால் விரல் தாளின் அடியில் முட்டுகிறது. உங்கள் பெயர் அந்த விரலுக்குப் பக்கத்தில் அரிசி அளவில் இருக்கிறது. ஏ4க்கு இப்போது ரெடிமேட் சட்டம் கிடைக்கிறது, சர்டிபிகேட் மாட்டுவதற்காகச் செய்வது. எந்தச் சட்டமாக இருந்தாலும் அதன் பள்ளம் சுற்றிலும் கால் அங்குலம் விழுங்கும். அதோடு உங்கள் பனையேறிக்குப் பாதம் போச்சு, உங்களுக்குப் பெயர் போச்சு. நாலு பக்கமும் ஒரு அங்குலமாவது வெள்ளையாக விடுங்கள், அடியில் மட்டும் இன்னும் அரை அங்குலம் கூட. கையெழுத்தைப் படத்துக்குள் ஒளித்து வைக்காமல் அந்த வெள்ளையில், படத்துக்குக் கீழே வலது பக்கமாக, பென்சிலால் போடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் இழுவும். பின்பக்கமும் பெயரும் வருடமும் எழுதிவிடுங்கள். படம் சின்னதாகிவிடுமே என்பீர்கள். ஆகட்டும். அல்லது தாளைப் பெரிதாக்குங்கள், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்துக்குப் போங்கள். டிஜிட்டல் அச்சாபீஸில் அந்த அளவுத் தாள் சாதாரணமாக ஓடுகிறது, சட்டக்காரருக்கும் பழக்கமான அளவு. எதைச் செய்தாலும் வெட்டுகிறவன் கத்தி வைக்க ஒரு இடம் இருக்க வேண்டும், அது உங்கள் படமாக இருக்கக் கூடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கே விற்பது என்றால், எங்கே கேட்கிறார்களோ அங்கே. ஐம்பது பிரதி விஷயம்: அந்தக் காலத்தில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்செடுத்தார்கள். அச்செடுக்க எடுக்கத் தகடு தேயும், முதலில் வந்த பிரதிகள் துல்லியமாக இருக்கும். அங்கே எண்ணுக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் ஸ்கேன் கோப்பு தேயாது. 1/50, அதாவது ஐம்பதில் முதல் பிரதி என்று எழுதினால் அது நீங்கள் கொடுக்கும் வாக்கு, ஐம்பத்தொன்றாவது பிரதியை உங்கள் சித்தி கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் எண் போடாதீர்கள். நிறம் திரையில் தெரிவது போல் தாளில் வராது, பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் மங்கும். ஒரு தாள் அடித்து, அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டை நம்பாதீர்கள்.

விலையைப் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். 150 ரூபாய்! அடக்கம் 90 என்கிறீர்கள். அட்டை? உறை? கொரியர்? மூலை மடங்கித் திரும்பி வருகிற தாள்? நிறம் சரியாக வராமல் வீணாகிற நாலு தாள்? பொட்டலம் கட்டுகிற சாயங்காலம்? மாதம் முப்பது போனாலும் உங்கள் கணக்குப்படி 1,800 ரூபாய்தான், அதையும் கொரியர்காரர் பாதி வழியில் சாப்பிட்டுவிடுவார். நாலு வருடம் விளம்பர நிறுவனத்தில் இருந்தீர்களே, அங்கே வாடிக்கையாளருக்கு எஸ்டிமேட் இப்படித்தான் போட்டீர்களா? முதலாளிக்குக் கணக்குப் போடும்போது இருந்த அறிவு, தனக்கு என்று வரும்போது எங்கே போகிறது? இது அடக்கம் இல்லை தாயி, பயம். ஏ4க்கே 400க்குக் கீழே பேசாதீர்கள்.

உங்கள் நண்பருக்கு ஒன்று சொல்லுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி அவர் மரியாதையாகத்தான் பேசுவார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியது எந்தக் காசில்? மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணி செய்து விற்ற காசில். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகமே வைத்தார், ஜெர்மன்காரத் தொழில்நுட்பரை வைத்துக் கல்லச்சில் அடித்தார். அந்தத் தொழிலில் அவருக்குக் கை சுட்டது, சில வருடத்தில் அச்சகத்தை விற்றும் விட்டார். ஆனால் அரண்மனைச் சுவரில் இருந்த அசல்களின் விலை அதனால் இறங்கவில்லை. அசலைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கும் இது போதும் என்று நினைக்கிறேன்.

பந்தல் படம் எனக்குப் பிடித்திருக்கிறது. குழல்விளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கிற அந்தப் பையனின் கழுத்தில் இன்னும் மாலை கிடக்கிறதே, அதைக் கவனித்து வரைந்திருக்கிறீர்கள். அதில் ஒன்று எனக்கு வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு. குழாயில் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். விலையை நீங்கள் சொல்லுங்கள், 150 என்று சொன்னால் ஆர்டரை ரத்து செய்துவிடுவேன்.