மின்சாரமாக மாற்றாமல், ஒளியாக இருக்கும்போதே பிட் வரிசையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஃபைபரில் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையில்) பாய்ந்து வரும் தரவில் 1011 மாதிரி ஒரு வரிசை எங்கே வருகிறது என்று ஒளியை வைத்தே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு மாணவனாக நான் ஆசையோடு செய்த வேலை இது.

நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 100 பிகோநொடி. அதற்குள் ஒளி ஃபைபரில் சுமார் 2 செ.மீ. போகும். ஆக, ஒரு பிட் என்பது 2 செ.மீ. நீள ஒளி. வரும் ஒளியை நான்கு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முந்தையதைவிட 2 செ.மீ. நீளமாக வைத்தால், அடுத்தடுத்து வந்த நான்கு பிட்டுகளும் மறுமுனையில் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

தரவு ஒளியின் கட்டத்தில் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 1-க்கு 0 டிகிரி, 0-க்கு 180 டிகிரி. தேடும் வரிசையில் 0 வரும் கிளையை மட்டும் 180 டிகிரி திருப்பி, நான்கையும் சேர்க்கிறோம். எல்லாம் பொருந்தினால் வீச்சு (அலையின் உயரம்) 4, செறிவு (பிரகாசம், அதாவது வீச்சின் வர்க்கம்) 16. ஒன்று தப்பினால் வீச்சு 2, செறிவு 4. இரண்டு தப்பினால் இருட்டுதான். நான்குமே தப்பினால்? வீச்சு −4, செறிவு மறுபடியும் 16! செறிவை மட்டும் பார்க்கும் போட்டோடையோடுக்கு (கடைசியில் ஒளியை அளக்கும் உணரிக்கு) 1011-உம் 0100-உம் ஒன்றுதான். இன்னொரு லேசரோடு ஒப்பிட்டுக் கட்டத்தையும் பார்த்தால்தான் இது தீரும்.

நான் முதலில் தனித்தனி ஃபைபர்களை வைத்துதான் அமைத்தேன். பொருந்தியதும் ஆஸிலோஸ்கோப்பில் (அலைகளைத் திரையில் காட்டும் கருவியில்) துடிப்பு நிமிர்ந்து நிற்கும். ஒரு ஃபைபரை விரலால் தொட்டால் போதும், சரிந்துவிடும். ஒரு மீட்டர் ஃபைபர் 1 டிகிரி சூடானாலே ஒளிப்பாதை சுமார் 12 மைக்ரோமீட்டர் மாறுகிறது, 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அது ஏழெட்டு அலை. அதனால்தான் கிளைகளை ஒரே சில்லில் அமைத்து, குட்டி ஹீட்டர்களால் கட்டத்தைப் பிடித்து வைக்கிறார்கள். (யோசனை பழையது. 1964-லேயே வேண்டர்லக்ட் என்ற ஆய்வாளர் லென்ஸையும் வடிகட்டியையும் வைத்துப் படங்களில் உருவங்களைத் தேடும் வழியைக் காட்டினார்.)

உண்மையான சிக்கல் வரிசை நீளும்போதுதான். 32 பிட்டில் ஒன்று தப்பினாலும் செறிவு 88 சதவீதம் இருக்கும். இரைச்சலுக்கு நடுவே அதை முழுப் பொருத்தத்திலிருந்து பிரிப்பது கஷ்டம். ஆயிரக்கணக்கான வரிசைகளை மாற்றி மாற்றித் தேட வேண்டுமென்றால் மின்னணுச் சில்லுக்கே போங்கள். பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) தலைப்பில் சில பிட்டுகளை மட்டும் அது கடந்து போகும்போதே பார்க்க வேண்டுமென்றால் ஒளி அருமையான வழி. 8 பிட்டில் ஆரம்பியுங்கள். ஒன்று தப்பினால் 56 சதவீதம்தான் வரும், திரையில் பார்த்தாலே தெரியும்.